குலசேகரப்பட்டினமும் குளோரின் இல்லாத எரிபொருளும்

திட எரிபொருள் ராக்கெட் கக்கும் அமிலப் புகைக்கு மூலப்பொருள் உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி சோடியம் குளோரேட்டும், அதிலிருந்து பெர்குளோரேட்டும் எடுக்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் அம்மோனியம் பெர்குளோரேட்தான் எரிவதற்கான ஆக்சிஜனைத் தருகிறது. எரிபொருளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுவே. மீதி அலுமினியத் தூளும் ரப்பர் போன்ற பிணைப்பானும். எரியும்போது உப்பிலிருந்து வந்த குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி, ஈரம் பட்டதும் அமிலமாகிறது.

இந்தியாவில் திட எரிபொருளின் கதை கேரளத்தின் தும்பாவில் தொடங்குகிறது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து பறந்தது அமெரிக்க ராக்கெட். 1967இல் சொந்த ராக்கெட்டான ரோகிணி-75 பறந்தது. விஞ்ஞானி வசந்த் கோவாரிக்கர் தலைமையில் எரிபொருள் ஆய்வு வளர்ந்தது. ஆலுவாயில் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை எழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி.-3இன் நான்கு அடுக்குகளும் திட எரிபொருளில் இயங்கியவை. அன்றைய கவலை பிற நாட்டை நம்பாமல் எரிபொருள் செய்வதுதான். புகையைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

புகையைப் பற்றிய கேள்வி கூர்மையானது அமெரிக்காவில். விண்வெளி ஓடத்தின் இரு பூஸ்டர்களில் ஒவ்வொன்றும் சுமார் 500 டன் எரிபொருளை எரித்தது. ஏவுதளத்தை ஒட்டிய செடிகள் கருகின, ஆழமில்லாத நீரில் மீன்கள் செத்தன. சோடியம் நைட்ரேட் கலந்து குளோரினை மறுபடி உப்பாகவே பிடித்துவிடலாம் என்று ஒரு வழி கண்டார்கள். வேதியியலில் அழகான வழிதான்; ஆனால் உந்துவிசை குறைந்தது. பெர்குளோரேட்டுக்குப் பதிலாக விலை மலிவான அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினால் வேறு சிக்கல்: 32 டிகிரி செல்சியஸ் அளவில் அதன் படிக அமைப்பு மாறிக் கன அளவும் மாறுவதால் எரிபொருளில் விரிசல் விழும். தூத்துக்குடியில் ஆண்டின் பல மாதங்களில் வெப்பம் அந்த அளவைத் தாண்டுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இந்தப் புகை இப்போது சொந்த விஷயம். குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். இங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம். இங்கிருந்து பறக்கவுள்ள சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முக்கிய அடுக்குகள் மூன்றும் திட எரிபொருள். முதல் அடுக்கில் மட்டும் சுமார் 87 டன். அதன் குளோரின் முழுவதும் அமிலமானால் 15 டன்னைத் தாண்டும். ராக்கெட் மேலேறிக்கொண்டே எரிவதால் தரையருகே தங்குவது அதில் ஒரு பகுதிதான். ஆண்டெல்லாம் எரியும் அனல் மின் நிலையத்தோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் மீன்பிடி ஊர்களும் மன்னார் வளைகுடாவும் பக்கத்திலேயே இருக்கின்றன.

பெர்குளோரேட்டுக்கு மாற்றாக அதிகம் பேசப்படுவது அம்மோனியம் டைநைட்ரமைடு. 1971இல் மாஸ்கோவில் உருவாகி, நெடுங்காலம் இரகசியமாகக் காக்கப்பட்டது. அதில் குளோரினே இல்லை. இதை கிளைசிடில் அசைடு பாலிமரோடு சேர்த்த திட எரிபொருளை இஸ்ரோ ஆய்வகத்தில் செய்திருக்கிறது. ஆனால் டைநைட்ரமைடுக்குப் பெர்குளோரேட்டைவிடத் தயாரிப்புச் செலவு அதிகம், அதிர்ச்சிக்கும் வெப்பத்துக்கும் எளிதில் வினைபுரியும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கடலோரத்தில் எரிபொருள் வார்ப்பவர்களுக்கு மூன்றாவது குறையே பெரிய தலைவலி.