இறுதி நூலை மூடியபின் ஒரு சான்னானைத் தேடி

சி. வி. இராமன் பிள்ளையின் வரலாற்று நாவல் வரிசையில் மூன்றாவதும் இறுதியுமான ‘ராமராஜபகதூர்’ நூலை நேற்றிரவு வாசித்து முடித்தேன். பள்ளிப் பருவத்தில் ‘மார்த்தாண்டவர்மா’வில் தொடங்கிய பயணம் இது. மாறுவேடங்களும் ஒளிந்திருந்து கேட்கும் சதியாலோசனைகளும் இறந்துவிட்டதாக நம்பப்பட்டவன் உயிரோடு வந்து நிற்கும் காட்சிகளும் நிறைந்த அந்த உலகம், எங்கள் அதியன்னூரைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே நடந்ததென்பதுதான் அன்று என்னைக் கட்டிப்போட்டது. கடைசி அத்தியாயங்களை வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன். முடித்தபின் எஞ்சிய வெறுமையைச் சற்று வரலாற்று நோக்கில் எண்ணிப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு. இவ்வரிசையை இன்னும் வாசிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கதையின் முடிச்சுகள் கீழே அவிழ்கின்றன.

இவ்வரிசையின் முதல் வாசகர்களை முதலில் நினைத்துக்கொள்வோம். ‘மார்த்தாண்டவர்மா’ வெளிவந்தது 1891 இல். ‘தர்மராஜா’ 1913 இல்தான் வந்தது. ‘ராமராஜபகதூர்’ 1918-19 இல். முதல் நூலை இருபது வயதில் வாசித்த ஒருவர் இறுதி நூலை ஐம்பதை நெருங்கும் வயதில் கையிலெடுத்திருப்பார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய திருவிதாங்கூரும் மாறியிருந்தது. அரசுப் பணிகளில் மண்ணின் மக்களுக்கு இடம் கோரிய மலையாளி மெமோரியல் 1891 இல் எழுந்தது, அதில் சி. வி.யும் முன்னின்றார். 1904 இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. கதையைத் தொடங்கியபோது இருந்த வாசகரும் நாடும் கதை முடியும்போது இல்லை. நீண்ட வரிசையின் இறுதி நூல் கதையை மட்டும் முடிப்பதில்லை. வாசகரின் ஒரு பருவத்தையும் முடித்துவைக்கிறது.

வரலாற்று நாவலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கதை ஓரிடத்தில் நிற்கும், வரலாறு நிற்காது. தமிழில் இதை நேரடியாக எதிர்கொண்டவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, முடிவு போதவில்லை என்று வாசகர்கள் குறைபட்டனர். அவர்களுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லவேண்டியிருந்தது.

சி. வி.யின் வரிசை 1720களின் அரியணைப் போராட்டத்தில் தொடங்கி, 1789-90 இல் திப்பு சுல்தானின் படையெடுப்பைத் திருவிதாங்கூர் தாங்கி நின்றதோடு முடிகிறது. அந்த வெற்றிக்குப் பின் நடந்ததை அறிந்த வாசகரால் முழுமனதாக மகிழ இயலாது. 1795 இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கை. 1799 இல் திவான் கேசவதாஸின் துயர மரணம். 1809 இல் வேலுத்தம்பியின் குண்டறை விளம்பரமும் வீழ்ச்சியும். நாவலில் காக்கப்பட்ட அரசு, நாவலுக்கு வெளியே இருபது ஆண்டுகளுக்குள் கம்பெனியின் பிடிக்குள் சென்றுவிட்டது. ‘திஷ்டதம்ஷ்ட்ரம்’ என்ற அடுத்த நாவலைத் தொடங்கிய சி. வி., அதை முடிக்காமலே 1922 இல் மறைந்தார்.

ஆனால் நேற்றிரவு நூலை மூடியபோது என் மனம் தேடியது திவானையோ அரசரையோ அல்ல. முதல் நூலில் வந்த ‘பிராந்தன் சான்னான்’ எங்கே போனான் என்பதுதான் என் கேள்வி. இளவரசரை ஆபத்திலிருந்து காக்கும் அந்தப் பித்தன் உண்மையில் சான்னான் அல்லன். திருமுகத்துப் பிள்ளையின் மகன் அனந்தபத்மநாபன் பூண்ட வேடம். வேடம் களையப்பட்டதும் உயர்குடி வீரன் வெளிப்படுகிறான், இரண்டாம் நூலில் முதிய படைத்தலைவனாகத் திரும்பியும் வருகிறான். சான்னானோ வேடத்தோடு கரைந்துவிடுகிறான். மூன்று நூல்களைக் கடந்து வந்த எனக்கு இதுதான் இவ்வரிசையின் உண்மையான முடிவாகத் தோன்றுகிறது.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பழைய பலா மரத்தின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. அதன் பொந்தில் மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர் தப்பினார் என்பது இப்பகுதியின் வாய்மொழி மரபு. எங்களூர் நாடார் குடும்பங்கள் பல, அக்காலத்தில் சான்னார் என்று அழைக்கப்பட்டவர்களின் வழிவந்தவை. அப்பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தென்திருவிதாங்கூரில் நடந்த நெடும் போராட்டம், 1859 ஆம் ஆண்டு அரச அறிவிப்பால்தான் ஓரளவு தணிந்தது. சி. வி. பிறந்தது அதற்கு முந்தைய ஆண்டில். அவர் எழுதவந்தபோது சான்னான் என்ற சொல் பழங்கதைச் சொல்லாக இருக்கவில்லை. உயிருள்ள ஒரு வழக்கின் பெயராக இருந்தது. இதனால் நாவலின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் இந்த மண்ணிலிருந்து வாசிப்பவர் இதைக் காணாமல் கடந்து போகவும் முடியாது.

மொழியியல் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்நாவல்களின் உயிர் பெரிதும் உரையாடல்களில் இருக்கிறது. தமிழ் கலந்த தென்திருவிதாங்கூர்ப் பேச்சு, சாதிக்கும் தகுதிக்கும் ஏற்ப மாறும் பணிவுச் சொற்கள், சுந்தரய்யனின் பிராமணத் தமிழ்ச் சாயல் என ஒவ்வொருவரையும் அவரவர் வாய்மொழியாலேயே சி. வி. அடையாளம் காட்டுகிறார். 1954 இல் ஓ. கிருஷ்ண பிள்ளையின் தமிழாக்கம் வந்தது. மூலத்தில் மலையாளத்துக்கு நடுவே தனித்துத் தெரிந்த தமிழ்ச் சாயல், தமிழாக்கத்தில் எதன் நடுவே தனித்துத் தெரியும்? எல்லைமொழி இலக்கியத்தை மொழிபெயர்க்கும் எவரும் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1956 நவம்பர் 1 அன்று, நாவலின் நிலமும் இரண்டாகப் பிரிந்தது. பத்மநாபபுரம் தமிழகத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்று கதையின் வழித்தடத்தில் நடப்பவர் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கவேண்டும்.

இறுதி நூலை முடித்தவர் வழக்கமாக முதல் நூலுக்கே திரும்புவார். நானும் திரும்பப் போகிறேன், இம்முறை இளவரசரைப் பின்தொடர அல்ல. அந்தச் சான்னானின் உரையாடல்கள் அனைத்தையும் தொகுத்து, எங்கள் ஊர் முதியவர்களின் பேச்சோடு வைத்து ஒப்பிட எண்ணுகிறேன். வேடமே ஆனாலும் அவன் பேசிய மொழி யாரிடமிருந்தோ கேட்டு எழுதப்பட்டதுதானே.