செவிப்பறை

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தாருக்குத் தோல் என்றவுடன் நினைவுக்கு வருவது பிழைப்பு. பதனிடும் கூடங்கள், காலணித் தொழிற்சாலைகள், சாயங்காலத்தில் கூட்டமாக வெளியே வரும் பெண்கள், பாலாற்றின் நிறம், அந்த ஆற்றுக்காக 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு என்று அந்தப் பேச்சு நீளும். 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது இவ்விரண்டு ஊர்களும் அதனோடு வந்து சேர்ந்தன, பேச்சு மாறவில்லை. தோலுக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. அது ஒலியின் வாழ்வு. அதன் வரலாற்றை இன்றைய கைப்பேசியின் அடிவிளிம்பில் உள்ள ஊசித்துளை வரை கொண்டுவர முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. முயன்று பார்ப்போம்.

தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைத்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பறை உண்டு என்பது அவர் கணக்கு. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திரவிழாச் செய்தியை ஊருக்குச் சொல்வது யானைமேல் ஏற்றப்பட்ட முரசம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் ஒலிபெருக்கி தோல்தான். இன்றும் பறை செய்வோர் மரத்துண்டுகளை வளையமாகச் சேர்த்து, மாட்டுத்தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். ஈரம் ஏறினால் தோல் தளரும். ஆகவே அடிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். இழுவிசையும் வெப்பமும் ஈரமும் ஒலியை எவ்வாறு மாற்றும் என்பதை இவர்கள் விரல்கள் அறியும். இதற்கு இயற்பியல் என்று பெயர் வைக்க நமக்குத்தான் நெடுநாள் தோன்றவில்லை.

நிற்க. அடித்தால் பேசும் அதே சவ்வு, பேசினால் கேட்கவும் செய்யும். காதுக்குள் இருக்கும் சவ்வுக்குச் செவிப்பறை என்று பெயரிட்டதில் தமிழ் இந்த உறவைப் பிடித்துவிட்டது. ஐரோப்பியர் அதைக் கருவியாகச் செய்து பார்த்தனர். ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் பிலிப் ரைஸ் மரத்தில் காது ஒன்றைச் செதுக்கி, அதில் விலங்குக் குடல்தோலைச் செவிப்பறையாகப் பொருத்தினார். 1861இல் பிராங்க்பர்ட்டில் தம் தொலைபேசியைச் செய்து காட்டினார். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1874இல் இறந்த மனிதர் ஒருவரின் காதையே மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக்கிடமிருந்து பெற்று, அதன் பறை அசைவதைப் புகைபூசிய கண்ணாடியில் கோடாக வரையச் செய்தார். அவருடைய முதல் தொலைபேசிச் சோதனைகளிலும் விலங்குத் தோற்சவ்வு இருந்தது. மைக் பிறந்தது தோற்கருவியாகத்தான்.

பிறகு தோல் விலகியது. 1916 அளவில் வென்டே உருவாக்கிய மின்தேக்கி ஒலிவாங்கியில் சவ்வு உலோகத்தகடு. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜெர்மானியரான கெர்ஹார்ட் செஸ்லரும் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் வெஸ்டும் மின்னூட்டத்தைத் தன்னுள் நிலையாகத் தேக்கிவைக்கும் டெஃப்லான் ஏட்டைச் சவ்வாக்கினர். எலக்ட்ரெட் எனப்படும் இந்த மலிவான மைக்தான் வீட்டுத் தொலைபேசி, டேப்ரிக்கார்டர் என்று எங்கும் பரவியது.

இந்த மாற்றம் தமிழ்நாட்டுக் குரல்களையும் வரிசை மாற்றியது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிய கிட்டப்பா, மைக் பரவலாகும் முன்பே 1933இல் மறைந்துவிட்டார். சென்னை மாநகராட்சி 1930இலும் அகில இந்திய வானொலி 1938இலும் இங்கே ஒலிபரப்பைத் தொடங்கின. உரத்த தொண்டை இல்லாதவரும் பாடலாம், பேசலாம் என்றாயிற்று. தாழ்ந்த குரலுக்கும் இடம் கிடைத்தது. அதே வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தடை நீங்க 1971 ஆயிற்று. அங்கே கதவை மூடியது கருவியன்று, அதிகாரம். அதனால்தான் அதை எதிர்த்து வாதிடவும் முடிந்தது.

இனி மணலுக்கு வருவோம். 1980களின் தொடக்கத்திலேயே டார்ம்ஸ்டாட்டில் அதே செஸ்லர் சிலிக்கானில் ஒலிவாங்கி செய்யும் ஆய்வில் இறங்கினார். 2000களின் தொடக்கத்தில் நோல்ஸ் நிறுவனத்தின் சிலிக்கான் மைக் சந்தைக்கு வந்தது. மெம்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் நுண்மின் இயந்திரத் தொழில்நுட்பத்தின் பிள்ளை அது. ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிப்புள்ள சவ்வு, எதிரே துளைகள் இட்ட தகடு, அருகே ஒரு சில்லு; மூன்றும் சேர்ந்து சில மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஒலி பட்டுச் சவ்வு அசைய, இடைவெளி மாற, மின்தேக்கம் மாறும். எலக்ட்ரெட்டை அது வென்றதற்கு ஒலிநயம் மட்டும் காரணமன்று. சர்க்யூட் பலகைகளில் உறுப்புகளைப் பற்றவைக்கும் உலையின் வெப்பம் 260 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதில் பழைய ஏட்டின் மின்னூட்டம் போய்விடும்; சிலிக்கான் தாங்கும். காய்ச்சினால் கெடாத பறை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனாலும் அது கூச்சமுள்ள கருவி. துளையில் அழுத்தக் காற்றை ஊதக்கூடாது, உறிஞ்சக்கூடாது, பலகையைத் திரவத்தில் கழுவக்கூடாது. துளைக்கும் கைப்பேசி உறைக்கும் நடுவே ரப்பர் அடைப்பு சரியாக உட்காராவிட்டால், ஒலிபெருக்கியின் ஓசை உள்வழியாகக் கசிந்து எதிர்முனையில் இருப்பவர் தம் குரலையே திரும்பக் கேட்பார். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையிலும், அதன்பின் அங்கே ஐபோன் தயாரிக்கத் தொடங்கிய பாக்ஸ்கானிலும் இத்தகைய நுண்பணிகளைப் பெரும்பாலும் செய்த கைகள் இளம்பெண்களுடையவை. உலகம் பேசிக்கொள்ளும் காதுகளில் ஒரு பகுதியை அவர்கள் பொருத்தினார்கள். நம் இலக்கியத்தில் அவர்கள் இன்னும் சரியாக நுழையவில்லை.

மைக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் முதலில் சில எண்களைப் பார்க்கிறார். மெல்லிய குரலைக் கருவியின் சொந்த இரைச்சலிலிருந்து எவ்வளவு பிரித்துத் தரும்? பலவற்றில் இது 65 டெசிபல் அளவு. எவ்வளவு பெரிய ஒலியைச் சிதையாமல் தாங்கும்? பொதுவாக 120 டெசிபல். 130ஐத் தாண்டியவையும் உண்டு. ஒன்றைக் கூட்ட மற்றொன்றை விட்டுக்கொடுக்கவோ கூடுதல் விலை தரவோ நேரும். பெரும்பாலான கருவிகள் மனிதப் பேச்சை மனத்தில் வைத்தே முடிவு செய்யப்படுகின்றன. அது நியாயம்தான்.

ஆனால் திருப்பத்தூர்ப் பக்கத்துத் திருவிழா ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கும் பறையின் உச்சம் அந்த 120ஐத் தொட்டுவிடக்கூடும். அடியின் தலை வெட்டுப்பட்டு, ஓசை தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. அதே விழாவை வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்குக் காணொளி அழைப்பில் காட்டினால் நிலைமை இன்னும் மோசம். பேச்சை மட்டும் காத்து மற்றதைக் குறைக்கப் பழக்கப்பட்ட மென்பொருள் பறையை இரைச்சல் என்று முடிவு செய்து விழுங்கிவிடுகிறது. அவன் காண்பது வாயசைவும் கையசைவும் மட்டுமே. பறையொலியை இரைச்சல் என்று சொன்னவர்கள் இந்த மண்ணில் முன்பும் இருந்தார்கள். யார், ஏன் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. அதற்குக் கொடுக்கப்பட்ட மாதிரிகளில் பறை எவ்வளவு இருந்தது என்று கேட்பது வேறு கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. ஆர்மோனியத்துக்காக வானொலி நிலையத்துக்குக் கடிதமாவது எழுத முடிந்தது. இங்கே எந்த முகவரிக்கு எழுதுவது?

விழாக்களைப் பதிவு செய்யும் மாணவர்களுக்கு நாம் இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே. திறந்தவெளியில் தூரம் இருமடங்காகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இரண்டடியில் நிற்பவர் எட்டடிக்கு நகர்ந்தால் 12 குறையும். செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். துளையை விரலால் மூடாதீர்கள். பறை காய்ச்சும் நேரத்திலிருந்தே பதியத் தொடங்குங்கள். தோல் இறுக இறுகச் சுருதி ஏறுவது அப்போதுதான் கேட்கும்.