பழைய நூல்களின் விலை

ஒரு நூலின் விலையை அதன்கண் அமைந்த பொருளின் மாட்சியே வரையறுக்குமென்று கருதுவார் பலர். வரலாறு அங்ஙனங் கூறவில்லை. உயர்ந்த நூல்கள் தெருவோரத்துக் கடைகளிற் கேட்பாரின்றிக் கிடத்தலும், எளிய நூலொன்று ஒரு மாளிகையின் விலையைப் பெறுதலும் மேனாட்டிற் பன்முறை நிகழ்ந்தனவே. இக்காலத்து இணையவாணிகத்தில் பழைய நூல்கள் சில மலைக்கத்தக்க விலையோடு தோன்றுதலின் காரணத்தை ஆராயப் புகுவார், முதற்கண் 1812-ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த ஏலமொன்றனை அறிதல் வேண்டும்.

ராக்ஸ்பரோ நாட்டு மூன்றாங் கோமகனாகிய ஜான் கெர் என்பார் நூல்களைத் தேடித் தொகுப்பதிற் பெருவேட்கை உடையவர். அவர் 1804-இல் இறந்தார். எட்டாண்டுகட்குப் பின் அவர்தம் நூல்நிலையம் ஏலத்திற்கு வந்தது. ஜூன் மாதம் 17-ஆம் நாள், இத்தாலியப் புலவர் போக்காச்சியோ இயற்றிய டெக்காமெரோன் என்னுங் கதைநூலின் படியொன்று ஏலமேடை ஏறிற்று. அது 1471-இல் வெனிசு நகரில் வால்தார்பர் என்பாரால் அச்சிடப்பட்டது. அப்பதிப்பில் இதழ் குறையாத படி அஃதொன்றே என்பது அக்காலத்தார் துணிபு. கதைகளைப் படிக்க விரும்பினார்க்கு வேறு பதிப்புகள் எளிதிற் கிடைத்தன. ஆதலின் அன்று அங்குக் கூடினோர் படித்தற்பொருட்டுக் கூடினாரல்லர். ஸ்பென்சர் பிரபுவும் பிளாண்ட்போர்டு பிரபுவும் ஒருவரை ஒருவர் விஞ்சி விலை கூறினர். முன்னவர் 2,250 பவுன் என்றார். பின்னவர் அதன்மேற் பத்துக் கூட்டினார். 2,260 பவுனுக்கு நூல் அவர் கைப்பட்டது. அச்சு நூலொன்றற்கு அதுகாறும் எவருங் கொடாத விலை அது. நெடுங்காலமாக அதனை விஞ்சிய விலை தோன்றவில்லை.

ஆயின் ஏழாண்டே கழிந்தது. கடன் மிகுந்த பிளாண்ட்போர்டின் நூல்கள் 1819-இல் விற்கப்பட்டபோது அதே படி 918 பவுனுக்குப் போயிற்று; பின்னர் முன்பு தோற்ற ஸ்பென்சரிடமே வந்து சேர்ந்தது. இதழும் மையும் கட்டடமும் மாறவில்லை. மாறியது யாதெனின், ஏலமேடையின் எதிரே இரண்டு பிரபுக்கள் போட்டியிட்டு நின்ற நிலையே. ஓர் அரிய நூலின் விலை அருமையால் மட்டும் உயராது. விரும்புவார் இருவரேனும் வேண்டும்.

அந்நாளில் ஒருவன் வேண்டிய நூல் பிறிதோரூரிற் கிடக்குமாயின் அதனை அறிதல் அரிதாயிருந்தது. அமெரிக்கப் பழநூல் வணிகர் தமக்கு வேண்டும் நூற்பட்டியல்களை வார இதழிற் பதிப்பித்து, விடைக்கடிதம் நோக்கிக் காத்திருந்தனர். 1996-இல் கனடா நாட்டு விக்டோரியா நகரிலிருந்து ஏப்புக்ஸ் என்னும் இணையப் பட்டியல் தொடங்கிய பின் அந்நிலை மாறிற்று. பற்பல நாட்டுக் கடைகளின் நூல்கள் ஒரே பட்டியலில் அடங்கின. அதனால் விளைந்த பயன் இருதலைப்பட்டது. அரியதென்று கருதப்பட்ட நூல்கள் பல, நூற்றுக்கணக்கான படிகள் எங்குங் கிடத்தல் வெளிப்பட்டமையின், ஒரு சதத்திற்கும் விலை கூறப்படுவனவாயின. விற்போன் ஊதியம் அஞ்சற்கூலியில் எஞ்சுவதே. மெய்யாகவே அரியவை தம் அருமை உலகறிய நின்றமையின் விலையேறின. இவ்வளவும் அறிவிற்கு ஒத்ததே. ஒவ்வாதது 2011-இல் நிகழ்ந்தது.

கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பீட்டர் லாரன்ஸ் என்னும் உயிர்நூற்புலவர், பழ ஈ கருவினின்று உருப்பெறும் முறையை விளக்கி, 'ஈயின் ஆக்கம்' எனப் பொருள்படும் நூலொன்றை 1992-இல் வெளியிட்டார். அத்துறையினர் அடிக்கடி எடுத்து நோக்கும் நூல் அது. அச்சில் இல்லாது போயிற்று. 2011 ஏப்ரலில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஐசனின் ஆய்வுக்கூடத்தார் ஒருவர் அதனை வாங்குவான் அமேசான் கடையை நோக்கினார். புதிய படி இரண்டு இருந்தன. அவற்றுட் குறைந்த விலை 17 இலட்சம் டாலருக்கு மேல்! ஐசன் நாள்தோறும் அவ்விலைகளைக் குறித்துவந்தார். விற்போர் இருவருள் ஒருவர் தம் விலையை மற்றவர் விலையில் 0.9983 பங்காக அமைத்தார். மற்றவரோ முன்னவர் விலையை 1.270589-ஆற் பெருக்கித் தம் விலையாக்கினார். இரண்டுங் கூடின் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 27 வீதம் ஏற்றம். நூறு டாலரிற் றொடங்கினும் ஐம்பத்திரண்டு நாள் அளவில் இரண்டு கோடியைக் கடக்கும். ஏப்ரல் 18-ஆம் நாள் விலை 2,36,98,655 டாலர் 93 சதமாயிற்று. அஞ்சற்கூலி 3 டாலர் 99 சதம் வேறு!

முதல்வணிகர் நோக்கம் விளங்கத்தக்கதே: நூல் கையிலுண்டு, எதிரியினுஞ் சிறிது குறைத்து விற்றல் வேண்டும். மற்றவர் ஏன் ஏற்றினார்? நூல் அவர்பால் இல்லை என்றே ஐசன் கருதினார். வாங்குவோர் நன்மதிப்பு அவர்க்கு மிகுதியாக இருந்தது; அதனை நம்பி எவரேனும் கேட்பின், முதல்வணிகரிடம் வாங்கி அனுப்பி, இடைவேறுபாட்டை ஊதியமாகக் கொள்ளலாம். கணிப்பொறிக்கு இவ்விதியைக் கற்பித்து இருவரும் வேறு பணி நோக்கினர். மண்ணுந் திகிரியும் இருப்பினுங் குயவனின்றிக் குடம் தோன்றாதென்பது தருக்க நூலார் கூற்று. இங்கோ குயவர் இருவரும் திகிரியைச் சுழற்றிவிட்டு உறங்கப் போயினர். குடம் கூரையைப் பெயர்த்து வளர்ந்தது.

ராக்ஸ்பரோ ஏலத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆண்டுக் கூறப்பட்டது ஒருவன் கொடுக்க இசைந்த விலை. ஈண்டுக் கூறப்பட்டது விற்போன் கேட்ட விலை மாத்திரையே. கேட்ட விலையைக் கொண்ட விலையென மயங்கித் தம் வீட்டுப் பழம்பெட்டியில் நிதிக்குவை உண்டென மகிழ்வார் இன்றும் உளர். அம்மயக்கத்தினும் தீயது ஒன்றுண்டு. அச்சற்ற ஆய்வுநூலை வேண்டுவோன் பெரும்பாலும் மாணாக்கன்; பல்கலைக்கழகத்தார் அத்தகைய நூல்களைச் சில நூறு படிகளே அச்சிடுதல் வழக்கம். ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழியும்வரை இங்கிலாந்தில் உரிமை நீடித்தலின், உரியவர் மீள அச்சிடாதபோது பிறர் அச்சிடவும் இயலாது. அங்ஙனம் அடைபட்ட நூலின்மேற் பொறி வகுத்த விலை ஒன்று நின்றால், அவன் மேலுந் தேடாது திரும்பிவிடுகின்றான்.

ஏப்ரல் 19-ஆம் நாள் யாரோ விழித்துக்கொண்டனர். முதல்வணிகர் விலை 106 டாலர் 23 சதமாக வீழ்ந்தது. மற்றவர் விலையும் பின்தொடர்ந்து, பழைய கணக்கின்படியே, 134 டாலர் 97 சதத்தில் வந்து நின்றது. டெக்காமெரோன் படியோ, ஸ்பென்சர் குடியின் நூல்களெல்லாம் 1892-இல் ரைலண்ட்ஸ் அம்மையாரால் வாங்கப்பட்டபோது அவற்றோடு மான்செஸ்டர் நகரத்து நூல்நிலையத்தை அடைந்தது. ஈ நூல் பதினேழு இலட்சமென்று முதன்முதற் கண்ட அந்நாளிலேயே, அதே பட்டியலிற் சற்றுக் கீழே, பிறர் படித்துக் கைவிட்ட படிகள் பதினைந்து இருந்தன. விலை 35 டாலர் 54 சதம் முதல்.