களாப்பழப் பையும் பெயரில்லாத ராமசாமிகளும்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் களாப்பழமும் விற்பனைக்கு வந்துவிட்டது. அதை வைத்து வீட்டில் ஒரு 'பை' சுட்டோம். பை என்றதும் மஞ்சள் பையை நினைத்துவிட வேண்டாம். மைதா மாவைத் தட்டில் பரப்பி, நடுவில் பழத்தை வைத்து மூடிச் சுடுகிற இங்கிலீஷ் பலகாரம் இது. "வெள்ளைக்காரன் பண்டம் நமக்கு எதுக்கு சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பழம். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவன் யார் தெரியுமா? களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். முடிசூட்டும்போது பொன்முடி கைவசம் இல்லாததால் களங்காய் மாலையும் நாரால் செய்த முடியும் அணிந்தான் என்பார்கள். காட்டு வேலியில் முள்ளோடு நிற்கும் களாவுக்கு அப்படி ஒரு ராஜமரியாதை!

அடுத்து கிராம்பு. பழக்கலவையில் இரண்டு கிராம்பைப் பொடித்துப் போட்டோம். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கும்பினி குற்றாலத்தில் வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டது. இந்தியாவில் கிராம்புச் சாகுபடி தொடங்கியது அங்கேதான். கொடைக்கானலில் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டுவதற்கு முன்பே, வெள்ளைக்காரர்கள் சாரலுக்கு நம் குற்றாலம் வந்து தங்கினார்கள். தங்கள் ஊர் 'கரண்ட்' பழம் இங்கே கிடைக்காததால் களாவுக்கு 'பெங்கால் கரண்ட்' என்று பெயர் வைத்து, ஜெல்லியும் பழப் பலகாரமும் செய்யச் சொன்னார்கள்.

செய்தது யார்? நம் ஆட்கள். குசினி என்ற சொல்லே போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. அந்தக் குசினிகளில் இன்றைய ஓவன் கிடையாது. பாத்திரத்துக்கு அடியில் தணல், மூடியின் மேலும் தணல். சூட்டை அளக்கக் கருவியும் இல்லை, கைதான் கணக்கு. 1878இல் சென்னையில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சமையல் புத்தகம் வெளிவந்தது. அதில் நம் சமையல்காரர்கள் எல்லாருக்கும் 'ராமசாமி' என்ற ஒரே பொதுப்பெயர்தான். களங்காய் சூடிய அரசனுக்குப் பெயர் இருக்கிறது. புத்தகம் எழுதிய கர்னலுக்கும் இருக்கிறது. தணலில் கை சுட்டுக்கொண்டவருக்கு மட்டும் சொந்தப் பெயர் இல்லை.

கேட்டவர்களுக்காகச் செய்முறை: மைதா 250 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. விரல்நுனியால் உதிர்த்து, மூன்று நான்கு கரண்டி ஐஸ் தண்ணீர் விட்டுத் திரட்டுங்கள். அழுத்திப் பிசைந்தால் ஓடு கடினமாகிவிடும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் கறுத்த பழம் 400 கிராம் எடுத்து, பால் பிசுக்குப் போகக் கழுவி, விதை நீக்கி, 150 கிராம் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சி ஆறவிடுங்கள். களாவில் பெக்டின் அதிகம், தானே கெட்டிப்படும். மாவில் பாதியைப் பரப்பிப் பழத்தை வைத்து, மீதியால் மூடுங்கள். ஆவி போக மேலே நாலு கீறல் போட்டு, 200 டிகிரியில் முக்கால் மணி நேரம், பொன்னிறமாகும் வரை.

ஆக, பழம் நம்முடையது. கிராம்பு குற்றாலத்தில் வேர்விட்டது. சுட்ட கையும் நம்முடையது. பிறகு எப்படி இது முழுக்க வெள்ளைக்காரன் பண்டம்?

கம்பிவேலி வந்தபின் களாச்செடி குறைந்து வருகிறது. செடியை மறுபடி நட்டுவிடலாம், ஆனால் போன பெயர்களை? உங்கள் தாத்தாவோ பூட்டனோ துரைமார் குசினியில் வேலை பார்த்திருந்தால், அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். ராமசாமி என்று பொத்தாம்பொதுவாக அல்ல, அவருடைய சொந்தப் பெயரை.