கோவாவில் விற்கிற 'போர்ட் வைன்' அசல் போர்ட்டா? பேருக்குப் பின்னால் இருக்கும் கதை!

கோவா டூர் போறவங்க கண்ணில் கட்டாயம் படுவது 'போர்ட் வைன்' பாட்டில். ஆனால் அங்கேயே தயாராகும் அது அசல் போர்ட் அல்ல. என்ன வித்தியாசம்?

எது அசல்?
போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் தயாராவது மட்டுமே போர்ட். 1756-லேயே அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்துவிட்டார்கள். கப்பல் ஏறிய போர்ட்டோ நகரமே பெயருக்குக் காரணம்.

இனிப்பு எப்படி?
திராட்சைச் சாறு நொதிக்கும்போதே பிராந்தி மாதிரியான திராட்சை ஸ்பிரிட் சேர்ப்பார்கள். நொதிப்பது நின்று, சர்க்கரை மிஞ்சிவிடும்.

எதற்கு எது ஜோடி?
* டூரிகா நசியோனல் (கருப்பு ரகம்): போர்ட் தயாரிக்க முக்கியமான திராட்சை. போர்ட்டுக்கு சீஸ், சாக்லேட் ஜோடி.
* ஆல்வரின்யோ (வெள்ளை ரகம்): இதில் தயாராகும் வைனுக்கு மீன், இறால்.
* கோவாவின் 'விந்தாலு' கறியின் பெயரே, வைன், பூண்டு என்ற போர்ச்சுகீசிய வார்த்தைகளில் இருந்து வந்ததுதான். இப்போது வைனுக்குப் பதில் வினிகர்.

நம்ம ஊரில்?
திண்டுக்கல், பழனி பழக்கடைகளில் கிடைக்கும் பன்னீர் திராட்சையை எல்லோருக்கும் தெரியும். இதில் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் விளைந்ததை 'கம்பம்' என்று சொல்லி விற்றால் சட்டப்படி தவறு. விவசாயிக்கு ஊர்ப் பேரும் ஒரு சொத்துதான்!

(மது உடல்நலத்துக்குக் கேடு.)