புயல் கூண்டும் தறிக்குழியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் நெசவு ஊரான கண்ணமங்கலத்தில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் எங்கள் தறிக்குழிக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழிக்குள் நீர் ஊறும். மிதியில் கால் வைக்க முடியாது, தறி நிற்கும். தெருவில் நீட்டிய பட்டுப்பாவு நனைந்தாலோ, அந்தப் பாவில் இறங்க வேண்டிய அத்தனை சேலைக்கும் கேடு. அதனால் வானம் பார்ப்பதும் எங்களுக்குத் தொழில்தான். என் அப்பா கோடையில் ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் திரளுவதைப் பார்ப்பார். ஐப்பசியில் ஈசானிய மூலை மின்னலைப் பார்ப்பார்.

அரசாங்கம் வானம் பார்த்தது கப்பலுக்காக. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியதற்குக் கடற்பயணமும் ஒரு காரணம். 1796 முதல் அங்கே வானிலையையும் குறித்து வைத்தார்கள். 1864 அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் அழித்தன. மறு வருடமே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-இல் பிளான்ஃபோர்டு தலைமையில் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது.

எச்சரிக்கையின் மொழியும் துறைமுகத்தின் மொழிதான். கம்பத்தில் ஏறும் கூண்டு, 1 முதல் 11 வரை எண். கடலூரில் கூண்டு ஏறியதை வானொலியில் கேட்டு, நாங்களாகத்தான் கணக்குப் போடுவோம்: கரையில் அந்த எண் என்றால் நம் ஊருக்கு எத்தனை நாள் மழை?

கூண்டு சொல்லாத மழையும் உண்டு. கோடையிலும் ஆடி, ஆவணியிலும் பகல் வெயிலில் தரை கொதிக்கும். கடல்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவரும். மலையோரம் மேகம் கிளம்பும். மேலடுக்கு மேற்குக் காற்று அதைக் கடற்கரைக்குத் தள்ளும். சென்னைக்காரர்கள் இரவில் கேட்கும் இடி, பல நாள் எங்கள் பக்கத்தில் மாலையிலேயே இடித்ததுதான். இந்த மழை புயலைப் போல நாள்கணக்கில் அவகாசம் தராது.

அந்த மேகத்தைத் தொடர்ந்து பார்க்கக் கருவி வந்தது 2002-இல், சென்னையில் டாப்ளர் ரேடார் நிறுவியபோது. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் வானமும் அதன் பார்வைக்குள் வந்தது. ‘அடுத்த 3 மணி நேரத்தில் இடியுடன் மழை’ என்று மாவட்டப் பெயரோடு இன்று கைப்பேசியில் வருவதற்குப் பின்னால் அந்த ரேடார் படங்கள் இருக்கின்றன.

கடலோரச் செய்தி கடலோரத்தோடு நிற்பதில்லை என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையேறிய புயலின் மழையில், மறுநாள் எங்கள் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

பாவைச் சுருட்டி உள்ளே எடுக்க 3 மணி நேரம் தாராளம். குழியில் ஊறும் நீரை எந்த முன்னறிவிப்பும் தடுக்காது. அதற்குத் தறியைத் தரைக்கு மேலே தூக்கி வைக்கப் பணம் வேண்டும்.