எண்ணப்பட்டோரும் வாக்களித்தோரும்: அமெரிக்கத் தேர்வாளர் குழுவின் வரலாறு

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்தும் பெற்றோர்களிடமிருந்தும் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு. "கூடுதல் வாக்குகள் பெற்றவர் எப்படித் தோற்க முடியும்?" என்பதே அது.

நியாயமான வினாதான். 2000ஆம் ஆண்டில் அல் கோர், ஜார்ஜ் புஷ்ஷைவிட 5 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். 2016இல் ஹிலரி கிளிண்டன், டோனல்டு டிரம்ப்பைவிட 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். இருவருமே அதிபராகவில்லை. அதற்கு முன்னர் 1876இலும் 1888இலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது.

"அங்கே தேர்வாளர் குழு என்றொரு முறை உள்ளது" என்று நாம் விடையளிக்கிறோம். அது பெயரைச் சொல்வதேயன்றிக் காரணத்தைச் சொல்வதாகாது. அம்முறை ஏன் தோன்றியது? 700க்கும் மேற்பட்ட திருத்த முன்மொழிவுகள் வந்த பின்னரும் அது ஏன் நீங்கவில்லை? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

முறையின் அமைப்பு

அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உள்ளனர். பிரதிநிதிகள் சபையில் அம்மாநிலத்துக்குள்ள இடங்களோடு, செனட் சபையில் உள்ள 2 இடங்களையும் கூட்டினால் அவ்வெண்ணிக்கை கிடைக்கும். தலைநகர் வாஷிங்டனுக்கு 1961ஆம் ஆண்டின் 23ஆவது திருத்தத்தின்வழி 3 தேர்வாளர்கள் கிடைத்தனர். ஆக மொத்தம் 538 பேர். அவர்களில் 270 பேரின் ஆதரவைப் பெறுபவரே அதிபர்.

48 மாநிலங்களில், ஒரு வாக்கு வேறுபாட்டில் வென்றாலும் அம்மாநிலத்தின் அனைத்துத் தேர்வாளர்களும் வென்றவருக்கே உரியவர்கள். மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு மட்டும் தொகுதிவாரியாகப் பிரித்தளிக்கின்றன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தேர்வாளர் எண்ணிக்கை மாநிலத்தின் மக்கள்தொகையைப் பொறுத்ததேயன்றி, அங்கு எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதைப் பொறுத்ததன்று. பாதிப்பேர் வாக்களித்தாலும், கால்வாசிப்பேர் மட்டும் வாக்களித்தாலும் அம்மாநிலத்தின் பலம் குறையாது. இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே.

1787: பிலடெல்பியாவில் நடந்தது

1787ஆம் ஆண்டு கோடையில் அரசியலமைப்பை வகுக்கப் பிலடெல்பியாவில் பேராளர்கள் கூடினர். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என வாதிட்டார். பலர் அதனை ஏற்கவில்லை. பரந்த நாட்டில் தொலைவிலுள்ள வேட்பாளரை மக்கள் எவ்வாறு அறிவர் என்று சிலர் ஐயுற்றனர். சிறிய மாநிலங்கள் தங்கள் குரல் அமுங்கிவிடும் என அஞ்சின. நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தால் அதிபர் அதன் கைப்பாவையாகிவிடுவார் என்ற கவலையும் இருந்தது.

ஜூலை 19ஆம் நாள் விர்ஜினியாவின் ஜேம்ஸ் மேடிசன் மற்றொரு தடையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். மக்களே தேர்ந்தெடுப்பதுதான் மிகப் பொருத்தமானது என்று ஒப்புக்கொண்ட அவர், வாக்குரிமை வடக்கில் பரவலாக இருப்பதையும் தெற்கில் அவ்வாறு இல்லாததையும் சுட்டினார். நேரடி வாக்கெடுப்பு நடந்தால் தெற்கின் கறுப்பின மக்களால் அம்மாநிலங்களுக்கு எவ்விதச் செல்வாக்கும் கிடைக்காது. தேர்வாளர்கள் என்ற ஏற்பாடு அத்தடையை நீக்கிவிடும் என்பது அவர் கூற்று.

எவ்வாறு நீக்கும்? பிரதிநிதிகள் சபைக்கான இடங்களைக் கணக்கிடும்போது, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணுவதென்று பேராளர்கள் உடன்பட்டிருந்தனர். அதே எண்ணிக்கை தேர்வாளர்களுக்கும் அடிப்படையானது. வாக்களிக்க இயலாத அடிமைகள், தங்களை அடிமைப்படுத்தியவர்களின் வாக்குக்கு வலுச் சேர்த்தனர்.

இதன் விளைவை எண்களில் காணலாம். 1800ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 6 இலட்சம் சுதந்திர மக்கள் இருந்தனர். விர்ஜினியாவில் ஏறத்தாழ 5 இலட்சத்து 38 ஆயிரம் பேர். ஆயினும் 1804ஆம் ஆண்டுத் தேர்தலில் பென்சில்வேனியாவுக்கு 20 தேர்வாளர்கள், விர்ஜினியாவுக்கு 24. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் விர்ஜினியாவின் ஏறத்தாழ 3 இலட்சத்து 46 ஆயிரம் அடிமைகள்.

அடிமைமுறை மட்டுமே தேர்வாளர் குழுவுக்குக் காரணம் என்று கூறிவிடலாகாது. மேலே கண்ட பிற காரணங்களும் உண்மையே. எனினும் நேரடித் தேர்தலால் எவருக்கு இழப்பு என்பதை மேடிசன் அன்றே தெளிவாக உணர்ந்திருந்தார்.

வெல்பவருக்கே அனைத்தும் என்ற வழக்கம் அரசியலமைப்பில் எழுதப்பட்டதன்று. 1800ஆம் ஆண்டுத் தேர்தலுக்காகத் தாமஸ் ஜெபர்சனின் ஆதரவாளர்கள் விர்ஜினியாவில் அதனைக் கொண்டு வந்தனர். ஒரு மாநிலம் செய்தால் மற்றொன்று சும்மா இருக்குமா? 1836க்குள் தென் கரோலினா நீங்கலாக எல்லா மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. தென் கரோலினாவில் 1860 வரை சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்து வந்தது.

விடுதலைக்குப் பின்

உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1868ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தம் ஐந்தில் மூன்று பங்கு என்ற கணக்கை ஒழித்தது. 1870ஆம் ஆண்டின் 15ஆவது திருத்தம் நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே தோன்றியது.

நிகழ்ந்ததோ வேறு. 1876ஆம் ஆண்டுத் தேர்தலில் சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் முந்தினார். சர்ச்சைக்குரிய தேர்வாளர்கள் அனைவரும் இறுதியில் ரதர்ஃபோர்டு ஹேஸுக்கே அளிக்கப்பட, அவர் 185க்கு 184 என்ற கணக்கில் அதிபரானார். 1877இல் தெற்கின் மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற கூட்டரசுப் படையினர் விலக்கப்பட்டனர். பின்னர் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை ஆகியவற்றால் கறுப்பின மக்கள் வாக்குச்சாவடியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர்.

அடிமையாக இருந்தபோது ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டவர், இப்போது முழு ஆளாக எண்ணப்பட்டார். ஆனால் வாக்களிக்க இயலவில்லை. தெற்கின் தேர்வாளர் பலம் குறைவதற்கு மாறாகக் கூடியது. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் இடங்களைக் குறைக்க வேண்டும் என்று 14ஆவது திருத்தத்திலேயே ஒரு விதி உண்டு. அது ஒருமுறைகூட நடைமுறைப்படுத்தப்படவில்லை.

பெண்கள் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நேரடித் தேர்தல் இருந்திருந்தால், பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் மாநிலத்தின் பலம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். தேர்வாளர் முறையிலோ அளித்தாலும் அளிக்காவிட்டாலும் ஒன்றே. உரிமையை விரிவாக்குவோருக்கு அம்முறை பரிசளிப்பதில்லை, மறுப்போரைத் தண்டிப்பதுமில்லை.

1970: கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை

1968ஆம் ஆண்டுத் தேர்தலில் ரிச்சர்டு நிக்சனும் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் போட்டியிட்டனர். மூன்றாமவராக, இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் களமிறங்கினார். எவருக்கும் 270 கிடைக்காவிட்டால் பேரம் பேசலாம் என்பது அவர் திட்டம். ஐந்து தென் மாநிலங்களை வென்ற அவருக்கு 46 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. நிக்சன் 301 பெற்றதால் பேரத்துக்கு வாய்ப்பு அமையவில்லை. ஆனால் நாடு அதிர்ந்தது. அவ்வாண்டு கேலப் கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நேரடித் தேர்தலை ஆதரித்தனர்.

இந்தியானாவின் செனட்டர் பெர்ச் பை, நியூயார்க்கின் பிரதிநிதி இமானுவேல் செல்லர் ஆகியோர் திருத்தம் ஒன்றை முன்னெடுத்தனர். நாடு முழுவதும் ஒரே வாக்கெடுப்பு. முந்துபவர் குறைந்தது 40 விழுக்காடு பெற வேண்டும். இல்லையேல் முதல் இருவருக்கிடையே மறுதேர்தல். 1969 செப்டம்பர் 18ஆம் நாள் பிரதிநிதிகள் சபை இதனை 338க்கு 70 என்ற பெரும்பான்மையில் நிறைவேற்றியது. இரு கட்சியினரும் ஆதரித்தனர். அன்று ஆதரித்துப் பேசியவர்களில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷும் ஒருவர்! 31 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனே மக்கள் வாக்கில் பின்தங்கியும் அதிபரானார். அம்மாத இறுதியில் அதிபர் நிக்சனும் திருத்தத்துக்கு ஆதரவு தெரிவித்தார்.

எஞ்சியது செனட் சபை. அங்கே நீதிக்குழுவின் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டு. ஏறத்தாழ பதினோரு மாதங்கள் கழித்தே, 1970 ஆகஸ்டில், திருத்தம் குழுவைக் கடந்தது. பின்னர் அவையில் முடிவில்லா உரைகளால் வாக்கெடுப்பைத் தடுக்கும் உத்தி கையாளப்பட்டது. ஈஸ்ட்லாண்டுடன் தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்டும் வட கரோலினாவின் சாம் எர்வினும் முன்னின்றனர். தர்மண்டு 1948இல் தாமே பிரிவினை ஆதரவு வேட்பாளராக நின்று 39 தேர்வாளர்களை வென்றவர். சிறிய மாநிலங்களைச் சேர்ந்த சில செனட்டர்களும் அவர்களோடு நின்றனர்.

விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். செப்டம்பர் 17ஆம் நாள் 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு, தேவைப்பட்டது 60. செப்டம்பர் 29ஆம் நாள் 53க்கு 34, தேவைப்பட்டது 58. அத்தோடு திருத்தம் கைவிடப்பட்டது.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தெற்கின் கறுப்பின மக்கள் அப்போதுதான் பெருந்தொகையாகப் பதிவு செய்து வந்தனர். அவர்களது வாக்குகள் மாநில எல்லைக்குள் வெள்ளையர் பெரும்பான்மையால் அமுங்கின; நாடளாவிய கணக்கிலோ ஒவ்வொன்றும் எண்ணப்பட்டிருக்கும். 1787இல் மேடிசன் கண்ட அதே கணக்கு 183 ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

1979 ஜூலையில் பெர்ச் பை மீண்டும் முயன்றார். 51க்கு 48, மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. இம்முறை எதிர்த்தவர்களுள் கறுப்பினத் தலைவரான வெர்னன் ஜோர்டனும் இருந்தார். பெரிய மாநிலங்களின் நகரங்களில் திரண்டு வாழும் சிறுபான்மையினர், நெருக்கமான போட்டியில் முடிவைத் தீர்மானிக்க முடியும்; அப்பலத்தை இழக்கலாகாது என்று அத்தகையோர் கருதினர். ஒரு முறையால் இன்று பயன்பெறுவோர் எவராயினும் அதனைக் காக்க முனைவர் என்பதற்கு இது சான்று.

மாற்றுவழி

அரசியலமைப்பைத் திருத்த இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அது கைகூடாது என்று கண்டவர்கள் 2006இல் வேறொரு வழியைத் தொடங்கினர். தேர்வாளர்களை நியமிக்கும் முறையை மாநிலச் சட்டமன்றமே வகுக்கலாம் என்று அரசியலமைப்பு கூறுகிறது. ஆகவே மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம்: தம் மாநிலத்தில் எவர் வென்றாலும், நாடளாவிய வாக்கில் முந்தியவருக்கே தம் தேர்வாளர்களை அளிப்பது. சேர்ந்த மாநிலங்களின் மொத்தம் 270ஐ எட்டும்போதே அது நடைமுறைக்கு வரும்.

2007இல் மேரிலாந்து முதலில் இணைந்தது. 2024 ஏப்ரலில் மேய்ன் இணைந்தபோது மொத்தம் 209 ஆனது. அதுவரை இணைந்தவை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் செல்வாக்கு மிகுந்த மாநிலங்கள். இவ்வுடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டுமா என்பதும், இணைந்த மாநிலம் தோல்வி கண்டபின் விலகிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் விடை காணப்படாத வினாக்கள்.

தற்போதைய முறையை ஆதரிப்போர் கூறுவதையும் கேட்க வேண்டும். அமெரிக்கா மாநிலங்களின் ஒன்றியம். சிறிய மாநிலத்துக்கும் மதிப்பு வேண்டும். வாக்கு மறுஎண்ணிக்கை ஒரு மாநிலத்தோடு நின்றுவிடும் என்கின்றனர். இவற்றில் பொருளுண்டு. ஆனால் வேட்பாளர்கள் சிறிய மாநிலங்களைத் தேடிச் செல்வதில்லை; போட்டி நெருக்கமாக உள்ள மாநிலங்களையே தேடிச் செல்கின்றனர்.

இதனால் ஒரு கட்சிக்கு மட்டுமே பாதிப்பு என்று எண்ணுவதும் தவறு. 2004இல் ஓஹாயோவில் ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் மாற்றி வாக்களித்திருந்தால், நாடளாவிய நிலையில் 30 இலட்சம் வாக்குகள் முந்திய புஷ் தோற்று ஜான் கெர்ரி வென்றிருப்பார். 2020இல் ஜோ பைடன் 70 இலட்சத்துக்கும் மேல் முந்தியிருந்தும், அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் அவர் முந்திய வாக்குகளின் மொத்தம் ஏறத்தாழ 43 ஆயிரமே. 2024இல் டிரம்ப் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முந்தினார்; அதனால் வினா எழவில்லை. வினா எழாததால் அது தீர்ந்துவிட்டதாகப் பொருளில்லை.

வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர்களும் வீட்டில் விளக்கும் பெற்றோர்களும் 538, 270 என்ற எண்களோடு நின்றுவிட வேண்டா. எந்தத் தேர்தல் முறையைப் படித்தாலும் இரண்டு வினாக்களைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். இங்கே எண்ணப்படுபவர் யார்? வாக்களிப்பவர் யார்? இவ்விரண்டும் வேறுபடும் இடத்தில் யாரோ ஒருவருடைய குரலை மற்றொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பது பொருள்.